இடது கைக்கு க்ளவுஸ் வைத்திருந்த கடை

மகளுக்கு 12 வயது. தையல் போட்ட தோல் பந்தில், அதாவது ஸ்டிச் பாலில் ஆட முதல் கிரிக்கெட் பேட் வாங்க, மதுரை டவுன் ஹால் ரோடு பக்கம் சந்துக்குள் இருக்கும் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனோம். அதற்கு முன் ஏறி இறங்கிய கடையில், "பொம்பளப் பிள்ளைக்குத்தானே, டென்னிஸ் பால் பேட்டே போதும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அவள் முகம் வாடிப்போனது.

இங்கே கடைக்கார அண்ணன் கேட்ட முதல் கேள்வியே, "பாப்பா எந்தக் கை?"

நொட்டாங்கை. எழுதும்போது கையை மாற்றச் சொல்லி நானே அதட்டியிருக்கிறேன். 2025 தொடக்கத்தில் மலேசியாவில் நடந்த 19 வயதுக்குட்பட்ட பெண்கள் டி20 உலகக் கோப்பைதான் அதை நிறுத்தியது. அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக, நம்ம மதுரையில் பிறந்த கமலினி இடது கையால் ஆடி, அவுட் ஆகாமல் 56 எடுத்தார். அப்போது அவருக்கு 16 வயது. கோப்பையும் நமக்குத்தான். அன்றிலிருந்து இவளுக்கு வேறு பேச்சே இல்லை.

அண்ணன் மூன்று பேட்டை எடுத்துக் கொடுத்து, பிடியின் மேலே வரும் வலது கையால் மட்டும் ஒவ்வொன்றையும் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். மூன்றாவதைத் தூக்கியதும் மணிக்கட்டு லேசாக நடுங்கியது. விலை அதிகமான பேட் அதுதான். அவரே வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார். காஷ்மீர் வில்லோ மரத்தில் செய்த அஞ்சாம் சைஸ் பேட் முடிவானது. அப்புறம் பரணில் ஏறி, தூசி தட்டி, இடது கைக்காரர்களுக்கான பேட்டிங் க்ளவுஸ் ஒரு ஜோடி எடுத்து வந்தார். அதை மாட்டிக்கொண்டு அவள் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

குறை ஒன்று உண்டு, பந்து. பெண்கள் கிரிக்கெட்டுக்கான பந்து 140 முதல் 151 கிராம்தான். ஆண்களுடையது 156-க்குக் குறையாது. கடையில் இருந்தது எல்லாமே கனமான பந்து. "கேக்குறதுக்கு ஆள் இல்லம்மா" என்றார். அந்த ஒரு பதிலை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 2020 மார்ச் 8 அன்று மெல்போர்னில் பெண்கள் டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை 86,174 பேர் நேரில் பார்த்தார்கள். 2009-ல் 8 அணிகளோடு தொடங்கிய அந்த உலகக் கோப்பை 2026-ல் 12 அணிகளாகிவிட்டது. பிள்ளைகள் அந்தப் பந்தில்தானே பழக வேண்டும்? சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், அரை டஜன் வரவழைப்பதாக நோட்டில் என் நம்பரைக் குறித்துக்கொண்டார். ஜெர்சி, பேன்ட் எதுவும் பெண் பிள்ளைகளுக்கென்று தைத்தது இல்லை; அதற்குத் தையல்காரரிடம்தான் போக வேண்டும்.

பேட்டுக்கு ஆளிவிதை எண்ணெய் தடவி, ஓரங்களை மரச்சுத்தியால் மெதுவாகத் தட்டிப் பழக்கும் விதத்தை அவளுக்கே கற்றுக்கொடுத்தார், காசு வாங்காமல். தினமும் சாயங்காலம் வாசல்படியில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறாள்.