ஒரே பெயர், இரண்டு கல்: எந்த அலபாஸ்டர்?

தமிழ் பைபிளில் வரும் 'வெள்ளைக்கல் பரணி' அலபாஸ்டர் ஜாடிதான். ஆனால் அந்தப் பெயரில் இரண்டு கற்கள் உலவுகின்றன.

ஒன்று எகிப்தின் கால்சைட். சுண்ணாம்புக்கல்லின் உறவு, கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் கடினம் 3. இன்னொன்று ஜிப்சம், கடினம் 2. இத்தாலியின் வோல்டெர்ராவில் எட்ருஸ்கர்கள் என்ற பண்டைய மக்கள் ஈமப்பேழை செதுக்கியது இதில்தான். எது எதுவென்று அறிய அடிப்பக்கத்தில் நகத்தால் கீறுங்கள். மாவு உதிர்ந்தால் ஜிப்சம். நகம் வழுக்கினால் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். கால்சைட்டில் பொடிக் குமிழ்கள் எழும். (கடைக்காரர் பார்க்காதபோது வேண்டாம், கறை நிற்கும்.)

கால்சைட்டின் அழகைக் காண லண்டனின் சோன் அருங்காட்சியகம் போதும். 1817-இல் இத்தாலியப் பயணி பெல்சோனி கண்டெடுத்த, எகிப்திய மன்னன் முதலாம் சேத்தியின் கல் சவப்பெட்டி அங்கே இருக்கிறது. கட்டடக் கலைஞர் ஜான் சோன் அதை 2,000 பவுண்டுக்கு வாங்கி, 1825-இல் விளக்கொளியில் விருந்தினருக்குக் காட்டினார். ஒளி ஊடுருவும் கல்லல்லவா, வேறெப்படிக் காட்டுவது!

ஜிப்சம் செதுக்க எளிது, ஆனால் நீரில் மெல்லக் கரையும். விளக்குக் கூண்டுக்கு அதுவே என் தேர்வு; பூஜாடிக்குக் கால்சைட். குளியலறைக்கு இரண்டும் சரிப்படாது.

நிறமாக வரும்போது இந்த வேறுபாடு பொருட்டில்லை. பெயின்ட் அட்டையில் 'அலபாஸ்டர்' என்றால் சுண்ணாம்பு வெள்ளையல்ல. பாலில் துளி மஞ்சள் கலந்த சாயல். டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் ஏமாந்துபோவீர்கள்.