ஊசிக்கு முன் தடவும் மரப்பு கிரீம்: வலிக்குச் சரி, பயத்துக்கு?

பித்தப்பையை அகற்றும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துக் கொடுத்த பிறகு, கத்தியைவிடக் கையில் ஏற்றப்போகும் ஊசியை நினைத்தே உறக்கம் கெட்டவர்களில் நானும் ஒருவன். மருத்துவரிடம் சொன்னபோது, லிடோகெயினும் பிரிலோகெயினும் தலா 2.5 சதவீதம் கலந்த மரப்பு கிரீமை எழுதிக் கொடுத்தார். வெவ்வேறு பெயர்களில் மருந்துக் கடைகளில் கிடைக்கும் இந்த கிரீம், சொன்ன வேலையைச் செய்கிறது. ஆனால் அவசரக்காரர்களுக்கு ஏற்றதன்று.

இவ்விரு மருந்துகளும் தனித்தனியே திடப்பொருள்கள். சம அளவில் கலக்கும்போது அறை வெப்பத்திலேயே உருகி எண்ணெயாகிவிடுகின்றன. அந்த நுண்துளிகள்தாம் தோலின் மேலடுக்கைக் கடந்து நரம்பு முனைகளை எட்டுகின்றன. அதற்குக் குறைந்தது ஒரு மணி நேரம் ஆகும். அந்நேரத்தில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் ஆழம் வரையிலும், இரண்டு மணி நேரம் விட்டால் 5 மில்லிமீட்டர் வரையிலும் மரப்பு இறங்கும். வலி நிவாரணத் தைலத்தைப் போலத் தேய்த்துவிட்டால் பயனில்லை. கனமாகப் பூசி, காற்றுப் புகாதபடி மேலே பிளாஸ்டிக் ஒட்டுறை போட்டு மூடிவைக்க வேண்டும்.

இதில் தொல்லை தருவது கிரீம் அன்று, மருத்துவமனையின் கால அட்டவணைதான். ஊசித் தட்டோடு வருபவர் நம் கடிகாரத்தைப் பார்த்து வருவதில்லை. எனவே முந்தைய நாள் மாலையே, "சிஸ்டர், வென்ஃப்ளான் எத்தனை மணிக்குப் போடுவீர்கள், எந்தக் கையில்?" என்று கேட்டுவைத்துக்கொள்வது நல்லது (வென்ஃப்ளான் என்பது மருந்து ஏற்றக் கையில் பொருத்தும் ஊசிக்குழாய்). ஓரிடத்தில் நரம்பு (பேச்சுவழக்கில் இரத்தக் குழாயைத்தான் இப்படிச் சொல்கிறோம்) கிடைக்காமல் போகலாம் என்பதால், மருத்துவர் அனுமதிக்கும் அளவுக்குள் புறங்கை, முழங்கை மடிப்பு என இரண்டு இடங்களில் பூசிக்கொள்வது இன்னும் நல்லது.

ஒட்டுறையை நீக்கியபோது அந்த இடம் மட்டும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. ஸ்பிரிட் பஞ்சின் குளிர்ச்சிகூட மங்கலாகத்தான் தெரிந்தது. இளஞ்சிவப்பு மூடி கொண்ட 20 அளவு ஊசி உள்ளே போனபோது, யாரோ விரலால் அழுத்துவதைப் போன்ற உணர்வே இருந்தது. உண்மையில், கை மயிரோடு ஒட்டுறையைப் பிய்த்தெடுத்ததுதான் அதிகம் வலித்தது. ஒரு குறையையும் சொல்ல வேண்டும்: இந்த மருந்து இரத்தக் குழாயைச் சற்றுச் சுருக்கக்கூடும் என்பதால், நரம்பு உடனே தட்டுப்படாமல் போகலாம். கிரீமைத் துடைத்தபின் சில நிமிடங்கள் கையைத் தொங்கவிட்டு விரல்களை மடக்கி நீட்டினால் நரம்பு எழும்பிவரும்.

எல்லோரும் தாமாக வாங்கிப் பூசிக்கொள்ளக்கூடிய பொருளன்று இது. பிரிலோகெயின் சிலருக்கு இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறனைக் குறைத்து, உதடுகள் நீலம் பாரிக்கும் நிலைக்குக் கொண்டுசெல்லலாம். கைக்குழந்தைகள், ஜி6பிடி (இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உள்ளவர்கள், தொழுநோய்க்குத் தரப்படும் டாப்சோன் அல்லது சல்ஃபா வகை மருந்துகளை உட்கொள்பவர்கள் ஆகியோர் விஷயத்தில் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. புண்ணான தோலிலும் பூசக் கூடாது.

வலிக்கு அஞ்சுபவருக்கு இது போதும். ஊசியைக் கண்டாலே தலைசுற்றி விழுபவருக்கு இது பாதி உதவிதான். ஏனெனில் அவர்களுக்கு இரத்த அழுத்தம் முதலில் ஏறிப் பின்பு சட்டென்று இறங்கிவிடுகிறது. உடலைத் தளர்த்திக்கொள்ளச் சொல்லும் வழக்கமான அறிவுரை இங்கே எதிராகவே வேலை செய்யக்கூடும். இதற்காகவே ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் வகுத்த பயிற்சி ஒன்று உண்டு: ஊசி ஏறாத கை, கால்கள், வயிறு ஆகியவற்றின் தசைகளை முகம் சூடேறும்வரை பத்துப் பதினைந்து விநாடிகள் இறுக்கி, பிறகு அரை நிமிடம் இயல்பு நிலைக்கு விட்டு, இதையே ஐந்து முறை செய்ய வேண்டும். முன்பு மயங்கி விழுந்ததுண்டு என்று சொல்லி, படுத்த நிலையிலேயே ஊசி போடும்படி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தட்டோடு நிற்கும் சிஸ்டருக்கும் அதுதான் வசதி.