ஸ்லீவ் சர்ஜரி: ஆறாவது வருஷத்தில் என் அனுபவம்

எடையைக் குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கும் இந்த ஆபரேஷனுக்கு முன் என் எடை 118 கிலோ. ஒன்றரை வருஷத்தில் 79 வரை இறங்கியது, இப்போது 86-ல் நிற்கிறது. சுகர் மாத்திரை நின்றுவிட்டது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. எனக்கு நிச்சயமாகப் பலன் கிடைத்தது. ஆனால் அந்தப் பலனைக் காப்பாற்றித் தந்தது ஃபாலோ-அப்தான்.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரப்பது அந்தப் பகுதியில்தான். அதனால் முதல் வருஷம் ஒரு இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடும். பிறகு பசி மெல்லத் திரும்புகிறது. எடை குறைப்பு ஆபரேஷன் செய்தவர்களைப் பல வருஷம் கவனிக்க ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய எஸ்.ஓ.எஸ். ஆய்விலும் (அதில் செய்தவை வேறு வகை ஆபரேஷன்கள்) இரண்டாம் வருஷம் சராசரியாக 23 சதவீதம் குறைந்த எடை, பத்தாம் வருஷத்தில் 17 சதவீதக் குறைவாகத்தான் இருந்தது. இதை டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால், எடை ஏறத் தொடங்கியபோது நான் உடைந்துபோகவில்லை.

எனக்கு மூன்றாம் வருஷம் ஏறியது. டயட்டீஷியன் ஒரு வாரம் சாப்பிட்டதையெல்லாம் எழுதச் சொன்னார். சோறு, சப்பாத்தி எல்லாம் அளவோடுதான் இருந்தன. மிக்சரும் பிஸ்கட்டும்தான் காரணம். சின்ன வயிறு சோற்றைத் தடுக்கும், இவற்றைத் தடுக்காது. சுண்டல், பன்னீர், முட்டை என்று புரதத்தை முதலில் சாப்பிடவும், சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி நேரம் தள்ளிக் குடிக்கவும் மறுபடி பழக்கினார்.

ரத்தப் பரிசோதனையை வருஷம் தவறாமல் எடுக்கிறேன். வைட்டமின் பி12 உடலில் சேர இரைப்பையின் அமிலமும் அங்கே சுரக்கும் ஒரு புரதமும் வேண்டும், ஸ்லீவுக்குப் பிறகு இரண்டும் குறைகின்றன. எனக்குத் தெரிந்த ஒருவர் எடை குறைந்ததும் மாத்திரை, பரிசோதனை இரண்டையும் விட்டுவிட்டார். பாதம் மரத்துப்போன பிறகுதான் பி12 குறைவு என்று தெரிந்தது. அவரை ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியிலிருந்து யாரும் ஒரு போன் போட்டுக்கூடக் கூப்பிடவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

முடி கொட்டுவதற்குப் பயப்பட வேண்டாம், எனக்குத் திரும்ப வளர்ந்துவிட்டது. நெஞ்செரிச்சல் மட்டும் இன்னும் இருக்கிறது, மாத்திரை எடுக்கிறேன். ஆனால் தொடர்ந்து வாந்தி வந்தால் டாக்டரைப் பார்ப்பதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். உடம்பில் தயமின் (வைட்டமின் பி1) தீர்ந்தால் நரம்பும் மூளையும் பாதிக்கப்படும்.

பேக்கேஜ் தொகை பேசும்போதே, முதல் வருஷத்துக்குப் பிறகு டயட்டீஷியனைப் பார்க்க முடியுமா, பரிசோதனைக்கு யார் நினைவூட்டுவார்கள், அந்தச் செலவு எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.