யுனிக்ஸ் வலையமைப்புக் கட்டளைகள்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டின் பின்

மட்டக்களப்பு நகரிலுள்ள கணினி ஆய்வுகூடமொன்றில் ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் கற்ற யுனிக்ஸ் (லினக்ஸ், மேக் ஆகியவை பின்பற்றும் இயக்குதளம்) வலையமைப்புக் கட்டளைகளை, கல்லடியில் ஓர் அலுவலகத்தின் கணினிகளைப் பராமரிக்கும் நான் இன்றும் நாள்தோறும் பயன்படுத்துகிறேன். அவற்றுள் எவை கைகொடுத்தன என்பதை, இப்போது கற்கத் தொடங்கும் மாணவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் கற்றது பிங். விண்டோஸில் நான்கு பொதிகளோடு (வலையமைப்பில் அனுப்பப்படும் சிறு தரவுத் துண்டுகள்) நின்றுவிடும் இக்கட்டளை, லினக்ஸில் கண்ட்ரோல், சி விசைகளை ஒருசேர அழுத்தும்வரை ஓடிக்கொண்டேயிருக்கும். 1983 டிசம்பரில் மைக் மூஸ் எழுதிய இச்சிறு நிரலுக்கு, நீருக்கடியில் எதிரொலியால் பொருள்களைக் கண்டறியும் சோனார் கருவியின் ஒலியே பெயராயிற்று. அனுப்பியதற்கு எதிரொலி வருகிறதா என்று கேட்பதே அதன் வேலை. எங்கள் போதனாசிரியர் வற்புறுத்திய ஒழுங்கை நான் ஒருநாளும் மாற்றியதில்லை: முதலில் கணினி தன்னையே சுட்டும் 127.0.0.1, அடுத்து வலையமைப்பில் கணினிக்குள்ள சொந்த முகவரி, பின்னர் வெளி இணையத்துக்கு நுழைவாயிலான ரவுட்டர், அதன்பின் இணையத்திலுள்ள கூகிள் சேவையகமான 8.8.8.8, இறுதியாக ஓர் இணையத்தளத்தின் பெயர். 8.8.8.8 பதில் தந்து, பெயருக்கு மட்டும் பதில் வராவிட்டால் கேபிளைத் தொடவே வேண்டியதில்லை. இணையத்தளப் பெயரை எண் முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் அமைப்பைத்தான் பார்க்க வேண்டும்.

கடந்த மாரிகாலத்தில் அலுவலகம் முழுவதும் இணையம் நின்றபோது, இவ்வொழுங்கில் மூன்றாம் படியிலேயே பதில் நின்றது. அலுவலகக் கணினிகளை ஒன்றிணைக்கும் சுவிட்ச் கருவியிலிருந்து ரவுட்டருக்குச் செல்லும் கேபிளைப் பின்தொடர்ந்து பார்த்தால், மழைநீர் கசிந்த சுவரோரத்தில் அதன் முனை களிம்பேறிக் கிடந்தது. முனையை வெட்டிப் புதியது பொருத்தியதும் எல்லாம் சீராயிற்று. ஆயினும் பதில் வராததெல்லாம் பழுது என்று கொள்ளலாகாது; பல சேவையகங்களின் தீச்சுவர்கள் (வேண்டாத தொடர்புகளைத் தடுக்கும் பாதுகாப்பு அமைப்புகள்) பிங் கோரிக்கையை வேண்டுமென்றே தடுக்கின்றன. இதனை எங்களுக்கு எவரும் அழுத்திச் சொல்லவில்லை என்பது என் மனக்குறை.

என்னை மிகவும் கவர்ந்தது, பொதி செல்லும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் கட்டளை. ஒவ்வொரு பொதியும் தன்னுடன் ஓர் எண்ணைச் சுமந்து செல்கிறது. வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கிறது. எண் பூச்சியமாகும் இடத்தில் பொதி கைவிடப்பட்டு, அனுப்பியவருக்கு அறிவிப்பு திரும்புகிறது. அவ்வெண்ணை 1, 2, 3 என உயர்த்தி அனுப்புவதால் வழி முழுவதும் வரிசையாக வெளிப்படுகிறது. கண்ணாடியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் செல்லும். ஆகவே வீதிவழியே ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்புக்குப் போய்வர மூன்று மில்லிசெக்கனாவது ஆகும். அக்கணக்கை ஆய்வுகூடத்தில் போட்டுப் பார்த்த நாளில்தான் திரையிலுள்ள எண்கள் எனக்குப் பொருள்பட்டன.

தொலைவிலுள்ள கணினியில் நுழையப் பயன்படும் டெல்நெட் வழியே தட்டச்சு செய்த கடவுச்சொல், வலையமைப்பில் செல்லும் பொதிகளைக் காட்டும் டிசிபிடம்ப் திரையில் எவரும் வாசிக்கும்படி வெளிவந்ததையும் அங்கேதான் கண்டோம். 1995இல் தாத்து யுலோனன் உருவாக்கிய, அதே வேலையை மறைகுறியாக்கத்துடன் செய்யும் எஸ்எஸ்எச் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு அதன்பின் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

பாடத்திட்டத்தில் ஒன்று மாற வேண்டும். எங்களுக்குக் கற்பித்த ஐஎஃப்கான்ஃபிக் (கணினியின் வலையமைப்பு முகவரியைக் காட்டுவது), நெட்ஸ்டாட் (நடப்புத் தொடர்புகளைக் காட்டுவது) ஆகியவை இன்றைய லினக்ஸ் பதிப்புகள் பலவற்றில் இயல்பாக நிறுவப்பட்டிருப்பதில்லை. அவற்றின் இடத்தில் ஐபி, எஸ்எஸ் என்னும் கட்டளைகள் வந்துவிட்டன. மேக் கணினிகளில் பழையவை இன்றும் இயங்குவதால் அவற்றை நீக்கச் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே வகுப்பில் அருகருகே கற்பித்தால் போதும்.