சிராங்கூன் சாலை டேட்டாபேஸ் வகுப்பு: கையேட்டைத் திருத்திப் படியுங்கள்

சனிக்கிழமைகளில் தமிழில் நடக்கும் இந்த வகுப்பில் கற்பித்தல் அருமை. கையேட்டின் ஃபாரின் கீ (ஓர் அட்டவணையின் பதிவை இன்னோர் அட்டவணையின் பதிவோடு இணைக்கும் விதி) பகுதியை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம்.

பெரிய பிழை, வேறு பதிவுகள் சார்ந்திருக்கும் பதிவை நீக்கவிடாமல் தடுக்கும் இரு விதிகளைப் பற்றிய 'நோ ஆக்‌ஷனும் ரெஸ்ட்ரிக்டும் ஒன்றே' என்ற வரி. மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் வழக்கமான சேமிப்பு இயந்திரமான இன்னோடிபியில் அது சரி; போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளில் தவறு. அங்கே ரெஸ்ட்ரிக்ட் உடனே தடுக்கும். நோ ஆக்‌ஷனை 'டிஃபெரபிள் இனிஷியலி டிஃபெர்ட்' என்று அமைத்தால் சரிபார்ப்பு கமிட் (மாற்றங்களை உறுதியாகச் சேமிக்கும் கட்டளை) வரை தள்ளிப்போகும். தேக்கா கடை ஒன்றின் வாடிக்கையாளர் பதிவை நீக்கி, அதே எண்ணில் மறுபடி சேர்க்கும் டிரான்ஸாக்‌ஷனை (ஒரே தொகுப்பாக நிறைவேறும் கட்டளைகளை) எடுத்துக்கொள்ளுங்கள்: ஆர்டர்கள் இருந்தால் ரெஸ்ட்ரிக்டில் அது நின்றுவிடும், இப்படித் தள்ளிப்போட்ட நோ ஆக்‌ஷனில் நிறைவேறும்.

'ஃபாரின் கீ போட்டால் இண்டெக்ஸ் தானே வரும்' என்பதும் (இண்டெக்ஸ் என்பது பதிவுகளை விரைவாகத் தேட உதவும் பட்டியல்) இன்னோடிபிக்குப் பொருந்தும், போஸ்ட்கிரஸுக்குப் பொருந்தாது. போஸ்ட்கிரஸில் ஆர்டர் அட்டவணைக்கு நீங்களே இண்டெக்ஸ் போடாவிட்டால், ஒரு வாடிக்கையாளரை நீக்கும்போதும் அட்டவணை முழுவதையும் அது துழாவக்கூடும்.

எஸ்கியூலைட் என்ற சிறிய டேட்டாபேஸுக்கான பயிற்சியில், ஃபாரின் கீ சரிபார்ப்பை இயக்கும் 'பிராக்மா ஃபாரின்_கீஸ் = ஆன்' விடுபட்டிருக்கிறது. புதிதாகக் கற்பவரை இது மிகவும் குழப்பும்: தவறான பதிவும் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். வழக்கமாக அணைந்தே இருக்கும் இந்த அமைப்பை ஒவ்வொரு இணைப்பிலும், டிரான்ஸாக்‌ஷன் தொடங்குமுன் இயக்க வேண்டும். நடுவில் கொடுத்தால் பலனில்லை, பிழைச்செய்தியும் வராது.

மைஎஸ்கியூஎல் பக்கத்தில் நெடுவரிசையோடு சேர்த்தே 'ரெஃபரன்ஸஸ்' எழுதியிருக்கிறார்கள். 9.0 பதிப்பிலிருந்துதான் அது செல்லும், 8.4 வைத்திருப்பவர்கள் 'ஃபாரின் கீ' என்று தனி வரியாக எழுதுங்கள்.