பெண்களுக்கான மல்ட்டிவைட்டமின்: ஒரு ரோஸ் டப்பாவும் எங்கள் வீட்டில் மூன்று பேரும்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். வயது 43. போன தீபாவளிக்கு முன்னால் ஷிப்மெண்ட் நெருக்கடி, தினமும் ராத்திரி பத்து மணி வரை ஓவர்டைம். வீட்டுக்கு வந்தால் தட்டில் சோறு போட்டுக்கொள்ளக்கூடத் தெம்பு இருக்காது. தலை சீவினால் சீப்பில் கொத்தாக முடி. அந்த நேரத்தில் ஆன்லைனில் வாங்கியதுதான் ரோஸ் நிற டப்பா. 60 மாத்திரை, 649 ரூபாய். முன்பக்கம் முழுக்கப் பெண்களுக்கென்றே செய்தது, நாற்பதுக்கும் மேல் சத்து என்று எழுதியிருந்தது. காலேஜ் படிக்கும் மகள் கேட்டாள் என்று முடிக்கான கம்மி, அதாவது மிட்டாய் மாதிரி மென்று தின்னும் சத்து, ஒரு பாட்டிலும் சேர்த்து வாங்கினேன்.

வாங்கின அன்றைக்குப் பின்பக்கத்தைப் படிக்கவில்லை. படித்தது இரண்டு வாரம் கழித்து, மாத்திரை வேகமாகத் தீர்கிறதே என்று பார்த்தபோது. ஒரு வேளைக்கு இரண்டு மாத்திரை என்று போட்டிருந்தது. அதாவது 60 மாத்திரை என்பது ஒரு மாதத்துக்குத்தான். அதற்குக் கீழே இருந்த அட்டவணைதான் எனக்குப் பாடம். இரும்புச்சத்து 8 மி.கி., கால்சியம் 120 மி.கி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2020-இல் சொன்ன கணக்குப்படி வயது வந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு இரும்பு 29 மி.கி., கால்சியம் 1000 மி.கி. வேண்டும். இரும்பு கால் பங்குக்குக் கொஞ்சம் கூட, கால்சியம் எட்டில் ஒரு பங்கு.

கால்சியத்தில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. கால்சியம் கார்பனேட்டில் 40 சதவீதம்தான் கால்சியம். ஒரு நாள் அளவு முழுவதையும் அடைத்தால் இரண்டரை கிராம் பொடி, மாத்திரையை விழுங்கவே முடியாது. கால்சியத்துக்குத் தனி மாத்திரை இருப்பது இதனால்தான். நூறு கிராம் ராகியிலேயே ஏறக்குறைய 350 மி.கி. கால்சியம் இருக்கிறது. எங்கள் வீட்டில் காலையில் ராகிக் கூழ் திரும்ப வந்தது இந்த டப்பாவைப் படித்த பிறகுதான்.

எனக்குப் பிடிக்காதது அட்டவணையின் கடைசி வரி. சதாவரி, அசோகப் பட்டை என்று ஏழெட்டு மூலிகைப் பெயர், எல்லாம் சேர்த்து 150 மி.கி. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லவில்லை. நாற்பது சத்து என்கிற கணக்கில் இந்த ஏழெட்டும் சேர்த்திதான். அளவு சொல்லாத எதற்கும் நான் காசு கொடுக்க மாட்டேன் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

இப்போது கம்மி. இதைத்தான் எல்லோரிடமும் சொல்ல வேண்டும் என்று எழுத உட்கார்ந்தேன். அதில் பயோட்டின் என்கிற பி வைட்டமின் 5000 மைக்ரோகிராம். உடம்புக்கு ஒரு நாளைக்கு 30, 40 மைக்ரோகிராம் போதும். மகள் இரண்டு நாள் தின்றுவிட்டு இனிப்பு அதிகம் என்று விட்டுவிட்டாள். வீணாகப் போக வேண்டாம் என்று நான் தின்றேன், தினமும், ஒன்றரை மாதம். எனக்கு ஆறு வருடமாகத் தைராய்டு குறைவு. 50 மைக்ரோகிராம் மாத்திரையில், தைராய்டு டெஸ்ட்டில் பார்க்கும் டிஎஸ்எச் அளவு எப்போதும் மூன்றை ஒட்டியே இருக்கும். அந்தத் தடவை 0.2 என்று வந்தது. இப்படிக் குறைந்தால் மாத்திரை அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். ஆனால் நெஞ்சு படபடப்பு இல்லை, எடை குறையவில்லை, வியர்வை இல்லை. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா மாத்திரையைக் குறைக்கப் பேனாவை எடுத்தவர் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "முடிக்கு ஏதாச்சும் சாப்பிடறீங்களாம்மா?"

அதிகப் பயோட்டின் ரத்தத்தில் இருந்தால் சில லேப் முறைகளில் தைராய்டு அளவு தப்பாக வருமாம். உடம்பில் ஒன்றும் மாறியிருக்காது, கருவிதான் ஏமாறுகிறது. மாரடைப்பைக் கண்டுபிடிக்கச் செய்யும் ட்ரோபோனின் டெஸ்ட்டும் இப்படிக் குறைத்துக் காட்டலாம் என்று அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-லேயே எச்சரித்திருக்கிறது. ஒரு வாரம் கம்மியை நிறுத்திவிட்டுத் திரும்ப ரத்தம் கொடுத்தேன். 3.4. அவர் கேட்காமல் விட்டிருந்தால் தேவையில்லாமல் என் டோஸைக் குறைத்திருப்பார்கள். பாட்டிலில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. தயவுசெய்து, ரத்தப் பரிசோதனைக்குப் போகும் முன் என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள், மிட்டாய் மாதிரி இருப்பதையும் சேர்த்து.

அவரே இன்னொன்றும் திருத்தினார். தைராய்டு மாத்திரையைக் காலை ஐந்தரைக்கும், மல்ட்டிவைட்டமினை எட்டு மணிக்கும் போட்டுக்கொண்டிருந்தேன். இரும்பும் கால்சியமும் தைராய்டு மருந்தைக் குடலில் பிடித்து வைத்துக்கொள்ளும், நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கம்பெனியில் பத்தரைக்கு டீ, நாலு மணிக்கு டீ. டீயோடு சேர்ந்தால் இரும்பு உடம்பில் சரியாக ஏறாது. எல்லாவற்றையும் கணக்குப் போட்டால் மிஞ்சியது மதியச் சாப்பாட்டு நேரம்தான். இப்போது ஒன்றேகாலுக்கு, டிபன் பாக்ஸை மூடினதும் ஒரு மாத்திரை.

மகளுக்கு 19 வயது. மாதவிலக்கில் அதிகமாகப் போகும். ஹீமோகுளோபின் 9.8 வந்தது, 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அவளுக்கு ரோஸ் டப்பாவின் 8 மி.கி. எந்த மூலைக்கு? கம்மியில் இரும்பே இல்லை, வாங்கும்போது அதைக்கூட நான் பார்க்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கும் மாத்திரை ஒன்றில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. டாக்டர் சொன்ன கணக்கில் அதைத்தான் சாப்பிட்டாள், கூடவே ஒரு கொய்யாத் துண்டு, வைட்டமின் சி இருந்தால் இரும்பு நன்றாக ஏறும் என்பதற்காக. மலம் கறுப்பாகப் போனதைப் பார்த்து முதல் வாரம் பயந்துபோய் ஹாஸ்டலிலிருந்து போன் செய்தாள். அது இரும்பால்தான், பயப்பட ஒன்றுமில்லை. மூன்று மாதத்தில் 11.6.

அம்மாவுக்கு 67. "பொம்பளைங்களுக்குன்னுதானே போட்டிருக்குது, எனக்கும் ஒண்ணு குடு சாமி" என்றார்கள். கொடுக்கவில்லை. மாதவிலக்கு நின்ற பிறகு இரும்புத் தேவை குறைந்துவிடும், ரத்தசோகை இல்லாவிட்டால் தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் பதினோரு வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார்கள், அது பி12-ஐக் குறைக்கும். பாதம் மரத்துப்போகிறது என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், நாங்கள் எல்லாவற்றையும் சர்க்கரை மேலேயே போட்டோம். டெஸ்ட் எடுத்ததில் பி12 நன்றாகவே குறைவு. ஊசிதான் போட வேண்டியிருந்தது. ரோஸ் டப்பாவில் இருந்த பி12 ஒரே ஒரு மைக்ரோகிராம்.

செக்கிங்கில் ஒரு பெண்ணுக்குப் போன தை மாதம் கல்யாணம். "அக்கா, அந்த டப்பா பேரு சொல்லுங்க்கா" என்று கேட்டாள். குழந்தைக்குப் பார்க்கிறாயா என்று கேட்டுவிட்டு டாக்டரிடம் அனுப்பினேன். கர்ப்பத்துக்கு முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் வேண்டும். ரெட்டினால் வடிவத்தில் வைட்டமின் ஏ அதிகமானால் கருவுக்கு ஆகாது. பொதுவான டப்பா அவளுக்குச் சரிப்படாது.

எனக்கென்று கடைசியில் வாங்கியது எங்கள் தெரு மெடிக்கல் ஷாப்பில் 30 மாத்திரை 210 ரூபாய்க்கு. ஒரு நாளைக்கு ஒன்று. மூலிகை வரி இல்லை, பயோட்டின் 40 மைக்ரோகிராம், வைட்டமின் டி 600 ஐ.யு., அயோடின் 150 மைக்ரோகிராம், ஒவ்வொன்றுக்கும் நேரே எத்தனை சதவீதம் என்ற கணக்கு. முன்பக்கத்தில் படமே இல்லை. கடை அண்ணன் லென்ஸ் வைத்துப் படித்துக் காட்டினார், அந்தப் பொறுமைக்கே அங்கே போகலாம். இதற்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ரோஸ் டப்பாவுக்கு இரண்டு. கம்மிக்கு ஒன்றும் இல்லை.

நான்கு கொடுத்ததற்காக இதனால் தெம்பு வந்தது என்று சொல்ல மாட்டேன். டெஸ்ட்டில் எனக்கு வைட்டமின் டி 14 என்று குறைவாக வந்து, வாரம் ஒன்று என்று எட்டு வாரம் 60,000 ஐ.யு. பொடியும் பாலில் கலந்து குடித்தேன். அது வாரத்துக்கு ஒன்றுதான். தினமும் குடித்து வாந்தியோடு ஆஸ்பத்திரியில் படுத்தவரை எனக்குத் தெரியும். ஓவர்டைமும் பொங்கலோடு நின்றது. எதனால் உடம்பு தேறியது என்று பிரிக்க முடியவில்லை. முடி கொட்டுவது பாதியாகக் குறைந்திருக்கிறது.

இரண்டாவது டப்பா இந்த மாதம் இருபதாம் தேதி தீரும். திரும்ப டி டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ரிப்போர்ட் வரும் வரை மூன்றாவது டப்பா வாங்கவில்லை.