ரிட்டர்ன் பெட்டியில் பழைய பெட்ஷீட், அப்புறம் கடன் மிரட்டல்: ஆன்லைனில் விற்கிறவர்கள் கவனத்துக்கு

ஆன்லைன் தளங்களில் சரக்குப் போட்டு விற்கிறவர்கள், அதிலும் வீட்டிலிருந்தே சின்ன அளவில் விற்கிறவர்கள், இதை ஒருமுறை படித்துவிடுங்கள். விற்ற பொருளும் போய், வந்த பணமும் போய், கடைசியில் நாமே கடன்காரர் என்று போனில் மிரட்டல் வாங்கும் நிலைமை எனக்கு வந்தது. தளத்தின் பெயரை எழுதப்போவதில்லை. விவகாரம் இன்னும் நிலுவையில் இருக்கிறது. எந்தத் தளமானாலும் நடைமுறை கிட்டத்தட்ட இதேதான்.

நாங்கள் பவானி ஜமக்காளம் விற்கிறோம். குழித்தறியில், அதாவது தரைக்குழியில் அமைத்த கைத்தறியில், நெய்கிற குடும்பங்களிடம் வாங்கி, போட்டோ எடுத்துத் தளத்தில் ஏற்றுவது என் வேலை. போன வருஷம் டெல்லிப் பக்கத்திலிருந்து ஒரே ஆர்டரில் ஆறு பெரிய ஜமக்காளம் கேட்டார்கள். கார்டில் முழுப்பணம், 9,900 ரூபாய். பேக்கிங்கை வீடியோ எடுத்து அனுப்பினோம். சரக்குப் போய்ச் சேர்ந்தது, கமிஷன் போக மீதி பேங்குக்கு வந்தது, தறிக்காரர்களுக்கும் கொடுத்தாயிற்று.

அப்புறம் ரிட்டர்ன் வந்தது. காரணம்: 'கைத்தறி இல்லை, போலி.' விசைத்தறியில் ஓட்டிய சோலாப்பூர்ச் சரக்கைப் பவானி என்று விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பழி இங்கே வந்து விழுந்ததுதான் எரிச்சல். பெட்டியை கூரியர் பையன் முன்னாலேயே வீடியோ எடுத்துக்கொண்டு பிரித்தோம். மேலே எங்கள் பாலிதீன் கவர், உள்ளே நிறம் போன பழைய பெட்ஷீட்டுகள். ஒன்றில் இஸ்திரிப் பெட்டி சுட்ட கருப்புத் தடம்கூட இருந்தது.

வீடியோவோடு தளத்தில் புகார் போட்டோம். 'உங்கள் சான்றுகள் போதுமானவை அல்ல' என்று ரெடிமேட் பதில். மறுபடி போட்டால் அதே பதில், கீழே வேறு பெயர். வாங்கியவருக்கு முழுப்பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டு எங்கள் கணக்கில் கழித்துவிட்டார்கள்.

இதுவரைக்கும் விற்கிற எல்லோருக்கும் தெரிந்த கதை. இதற்கு அடுத்து நடந்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். கொஞ்ச நாளில் கணக்கு 21,000 சொச்சம் மைனஸ் என்று காட்டியது. 9,900 ரூபாய் ஆர்டருக்கு எப்படி 21,000 வரும்? எந்த ஆர்டருக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு கழிந்தது என்று தளம் தருகிற செட்டில்மென்ட் ரிப்போர்ட்டை எக்ஸெலில் இறக்கி, அந்த ஆர்டர் எண்ணைப் போட்டுத் தேடினேன். ஒரே எண் இரண்டு இடத்தில் கழிந்திருந்தது. ஒரு வரியில் 'ரிட்டர்ன்', மூன்று வாரம் தள்ளி இன்னொரு வரியில் 'சார்ஜ்பேக்'. வாங்கிய ஆள் தளத்திடம் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, தன் கார்டு பேங்கிடமும் போய் 'பொருள் சரியில்லை, பணத்தைத் தா' என்று கேட்டிருக்கிறார். பேங்கும் இழுத்துக் கொடுத்திருக்கிறது. இரண்டையும் எங்கள் தலையில் எழுதி, போக வர கூரியர் கட்டணத்தையும் சேர்த்து, தகராறுக் கட்டணம் என்று தனியாக ஒன்றையும் போட்டிருந்தார்கள்.

சார்ஜ்பேக் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. கார்டு வைத்திருப்பவர் தன் பேங்கில் புகார் செய்தால், அந்த பேங்க் வியாபாரி தரப்பு பேங்கிலிருந்து பணத்தைத் திரும்ப எடுக்கும். குறிப்பிட்ட நாளுக்குள் வியாபாரி ஆதாரம் கொடுத்தால் மறுபடி பரிசீலிப்பார்கள். பல வகைப் புகார்களுக்கு 120 நாள் வரை நேரம் உண்டு, அதனால் விற்று நான்கு மாதம் கழித்தும் வரலாம். இதில் சிக்கல் என்னவென்றால், பேங்கின் கண்ணுக்கு வியாபாரி நாம் இல்லை, தளம்தான். பதில் சொல்ல வேண்டியதும் அவர்கள்தான். 'ஏற்கெனவே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்' என்று ஒரு வரி எழுதியிருந்தாலே பேங்க் அந்தக் கோரிக்கையைத் தள்ளியிருக்கும். எழுதியதாகத் தெரியவில்லை. நமக்கு வந்து சேர்வது ரிப்போர்ட்டில் ஒரே ஒரு வரி.

அதே ரிப்போர்ட்டில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. போகும்போது கூரியர் 13 கிலோவுக்குக் கட்டணம் போட்டிருந்தது. திரும்பும்போது அதே பெட்டிக்கு 4 கிலோ. எடை பார்த்தது அவர்களுடைய கூரியர், கட்டணம் எழுதியது அவர்களுடைய கணினி. வீடியோவை நம்பவில்லை என்றால் சரி, சொந்த பில்லை எப்படி நம்பாமல் இருப்பார்கள்? ரிட்டர்னில் பொருள் மாறி வந்தவர்கள் முதலில் இந்த எடையைப் பாருங்கள். பல பேர் இதைப் பார்ப்பதே இல்லை.

இந்த நிலையில்தான் போன் வர ஆரம்பித்தது. முதலில் தளத்திலிருந்து 'மைனஸ் தொகையைச் செலுத்தவும்' என்று மரியாதையாக ஒரு மெயில் வந்தது. அதற்கப்புறம் மொபைல் எண்ணிலிருந்து ஒருவர், தளத்தின் 'ரெக்கவரி டெஸ்க்' என்று. முதலில் இந்தி, அப்புறம் தமிழ் பேசுகிற வேறு ஆள்.

'சார், உங்க மேல 420 கேஸ் போட்டாச்சு. சாயங்காலத்துக்குள்ள கட்டலேன்னா லோக்கல் ஸ்டேஷன்ல இருந்து ஆள் வரும். உங்க சிபில் காலி.'

அதோடு வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப். தராசுப் படம், சிவப்பு முத்திரை, 'லோக் அதாலத் இறுதி எச்சரிக்கை' என்று கொட்டை எழுத்து. எங்களை பயப்படுத்த முடியவில்லை என்றதும் பிக்கப் முகவரியில் கொடுத்திருந்த இன்னொரு எண்ணுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, அடித்துவிட்டார்கள். அவர் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. 'கண்ணு, போலீசு கீலீசுன்னு வந்தா ஊருக்குள்ள தலை காட்ட முடியுமா? குடுத்துத் தொலைச்சிரு' என்றார். மிரட்டுகிறவர்கள் எதிர்பார்ப்பதும் இதைத்தான். நாம் கொடுக்காவிட்டாலும் வீட்டில் ஒருவர் கொடுக்கச் சொல்வார்.

அந்த மிரட்டலில் எவ்வளவு உண்மை என்று, தெரிந்த வக்கீல் ஒருவரிடம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். கணக்கில் தகராறு உள்ள வியாபாரப் பாக்கி சிவில் விஷயம். நாம் மோசடி செய்ததாக அடிப்படை இல்லாதபோது, வெறும் பாக்கிக்காக போலீஸ் வந்து பிடித்துப்போக முடியாது. அந்த நோட்டீசைப் பார்த்து அவர் சிரித்துவிட்டார். இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-வது பிரிவு என்று போட்டிருக்கிறது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதுச் சட்டம் வந்துவிட்டது, அதற்கப்புறம் நடந்த மோசடிக்கு 318-வது பிரிவுதான். பழைய ஃபார்மை மாற்றக்கூட அவர்களுக்கு நேரமில்லை. உண்மையான லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) அழைப்பு சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடமிருந்து வரும். அங்கேயும் இரண்டு தரப்பும் சம்மதித்தால்தான் தீர்வு, யாரையும் தண்டிக்கிற இடம் இல்லை அது. நீதிமன்ற வழக்கு என்றால் சிஎன்ஆர் என்று 16 இலக்க வழக்கு அடையாள எண் இருக்கும், நீதிமன்றங்களின் ஈகோர்ட்ஸ் தளத்தில் போட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். எனக்கு வந்த காகிதத்தில் அப்படி எந்த எண்ணும் இல்லை. விசாரணைக்கு வரச்சொல்லும் நோட்டீசை போலீஸ் வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது.

சிபில் என்கிற கடன் ஸ்கோர் விஷயமும் அப்படித்தான். அங்கே தகவல் கொடுப்பவை பேங்குகளும் கடன் கொடுக்கும் நிதி நிறுவனங்களும். நாம் தளத்திடம் கடன் வாங்கவில்லை, கமிஷன் கொடுத்து விற்றோம். ஆனால் ஒரு எச்சரிக்கை: தளத்தின் வழியாக 'செல்லர் லோன்' எடுத்திருந்தால் அது நிஜமான கடன், பின்னால் ஒரு நிதி நிறுவனம் இருக்கும். அந்தத் தவணை நின்றால் ஸ்கோர் அடிவாங்கும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அடுத்த தடவை போன் வந்தபோது மூன்று விஷயம் கேட்டேன்: ஏஜென்சியின் பெயர், தளம் கொடுத்த அதிகாரக் கடிதம், கணக்கு விவரம். உடனே குரல் மாறிவிட்டது. 'அதெல்லாம் ஹெட் ஆபீஸ்ல இருக்கும் சார். நீங்க 12,000 கட்டுங்க, கேஸை க்ளோஸ் பண்ணித் தர்றேன்.' ஒரு யுபிஐ ஐடி அனுப்பினார். பணம் போடாமல் ஆப்பில் அந்த ஐடியை மட்டும் அடித்துப் பார்த்தேன். நிறுவனத்தின் பெயர் வரவில்லை, ஒரு தனிநபர் பெயர் வந்தது. என் ஆர்டர் எண், மைனஸ் தொகை எல்லாம் அந்த ஆளுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது என்பதுதான் வயிற்றைக் கலக்குகிற சங்கதி. எங்கிருந்து கசிந்ததோ.

கடைசியில், '500 ரூபாயாவது போடுங்க சார், நல்ல மனசோட இருக்கீங்கன்னு எழுதிக்கிறேன்' என்றார். இதில் தயவுசெய்து விழுந்துவிடாதீர்கள். காலவரையறைச் சட்டப்படி பாக்கிப் பணத்துக்கு வழக்குப் போட பொதுவாக மூன்று வருஷம். இடையில் நாம் ஒரு பகுதியைக் கட்டி அதற்கு நம் கைப்பட எழுத்தும் இருந்தால், அல்லது 'பாக்கி உண்டு, பிறகு தருகிறேன்' என்று கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால், அந்தத் தேதியிலிருந்து மூன்று வருஷம் மறுபடி ஓட ஆரம்பிக்கும். வழக்கில்லாவிட்டாலும், 'பாக்கி இல்லை' என்று நாம் எழுதி வைத்ததெல்லாம் அந்த ஐந்நூறால் பலவீனமாகிவிடும். அதனால் எல்லா மெயிலிலும் 'இந்தத் தொகையை நான் ஒப்புக்கொள்ளவில்லை, தகராறில் உள்ளது' என்ற வரியை நான் விடாமல் எழுதினேன்.

அந்த எண்ணை சைபர் மோசடி உதவி எண் 1930-க்குச் சொல்லி, சைபர் கிரைம் போர்ட்டலிலும் பதிந்தேன். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், மோசடி அழைப்புகளைப் புகார் செய்கிற 'சக்ஷு'விலும் போட்டேன். அப்பாவின் போனில் கால் ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு, 'யார் கூப்பிட்டாலும் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்' என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் அதை ரசித்துச் செய்தார். உண்மையான ரெக்கவரி ஏஜென்ட்டாகவே இருந்தாலும் கட்டுப்பாடு உண்டு. பேங்க், நிதி நிறுவனங்களின் ஏஜென்ட்டுகள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பிறகோ கூப்பிடக் கூடாது, உறவினர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. யார் மிரட்டினாலும் குற்ற மிரட்டலுக்கு நியாய சன்ஹிதாவில் 351-வது பிரிவு இருக்கிறது.

தளத்தோடு இருந்த கணக்குத் தகராறை வேறாக வைத்துக்கொண்டேன். ஆப்பில் டிக்கெட் போடுவதை நிறுத்திவிட்டு, தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு மெயிலும், அந்த நிறுவனத்தின் பதிவுபெற்ற அலுவலகத்துக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலும் அனுப்பினேன். கதை எதுவும் எழுதவில்லை. ஆர்டர் எண், இரண்டு முறை கழிந்த தேதிகள், 13 கிலோ, 4 கிலோ, வீடியோ லிங்க். கூடவே ஒரு கேள்வி: இந்த போன் எண்ணுக்கு நீங்கள் அதிகாரம் கொடுத்தீர்களா?

அதற்குத்தான் முதல்முறையாக ஒரு மனிதர் எழுதிய மாதிரி பதில் வந்தது. அந்த எண் தங்களுடையது இல்லையாம். இரட்டைக் கழிவில் சார்ஜ்பேக் தொகையையும் தகராறுக் கட்டணத்தையும் திரும்ப வைத்துவிட்டார்கள். பொருள் மாறி வந்ததற்கு மட்டும் 'பரிசீலனையில் உள்ளது' என்றே நிற்கிறது. எடை வித்தியாசத்துக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

சிறு தொழில்களுக்கான அரசின் எம்எஸ்எம்இ சமாதான் போர்ட்டலில் போடச் சொல்லிப் பல பேர் யோசனை சொன்னார்கள். அது நம்மிடம் பொருள் வாங்கிவிட்டுப் பணம் தராதவர் மீது போடுகிற புகார். தளம் நம்மிடம் வாங்குவதில்லை, இடையில் நிற்கிறது. அதனால் இதற்குப் பொருந்தாது என்றார் வக்கீல். ஒப்பந்தத்தில் வெளிமாநில ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்குப் பதில் நடுவரிடம் தீர்ப்பது) என்று போட்டிருக்கிறது, 9,900 ரூபாய்க்கு அங்கே போக யாருக்கு முடியும்? சுயதொழில் பிழைப்புக்காகப் பொருள் வாங்குகிறவரை நுகர்வோராகக் கொள்ள 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடமிருக்கிறது, சேவை பெறுகிறவரைப் பற்றி அங்கே அப்படி வெளிப்படையாகச் சொல்லவில்லை. இருந்தாலும் அந்த வழியாக ஈரோட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். எதிர்த்தரப்பு 'இது வணிக நோக்கம்' என்று வாதாடும் என்பதும் தெரியும்.

இதே மாதிரி ஒரே ஆர்டருக்கு ரிட்டர்னும் சார்ஜ்பேக்கும் சேர்ந்து கழிந்தவர்கள் இருந்தால், செட்டில்மென்ட் ரிப்போர்ட்டை இன்றைக்கே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கணக்கை முடக்கிவிட்டால் பழைய ரிப்போர்ட்டைத் திறக்க முடியாமல் போகலாம்.